மேசையில் ஒரு கெட்டிக்காரன் உட்கார்ந்துவிட்டால்: சின்ன ஆன்லைன் போக்கர் போட்டிக்கு, புதியவர்களுக்காக

எங்கள் சனிக்கிழமை ராத்திரி ஆட்டத்தில் ஒன்பது பேர். கிருஷ்ணகிரியில் நானும் நண்பர்கள் இரண்டு பேரும், பர்கூரில் இரண்டு, காவேரிப்பட்டினத்தில் ஒருத்தர், மிச்சம் மூன்று பேர் ஓசூரில், ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு மேல்தான் போனைக் கையில் எடுப்பார்கள். ஆரம்பத்தில் எல்லோருமே கற்றுக்குட்டிகள் என்பதால் நான் அடிக்கடி ஜெயித்துக்கொண்டிருந்தேன், எனக்கு விஷயம் தெரியும் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஓசூரிலிருந்து என் மனைவியின் தம்பி, நான் மாப்ள என்று கூப்பிடுகிறவன், சேர்ந்தான். அன்றிலிருந்து ஆறாவது, ஏழாவது என்று வெளியே போக ஆரம்பித்தேன். அவனை மிஞ்சவேண்டும் என்று விதவிதமாக வித்தை காட்டிப் பார்த்து இன்னும் சீக்கிரமாக வெளியே போனேன். பிறகுதான் புரிந்தது, கெட்டிக்காரனிடம் நாம் செய்யவேண்டியது அதிக வித்தை இல்லை, குறைவான முடிவுகள். அவன் எதிரே உட்கார்ந்து நாம் எடுக்கிற ஒவ்வொரு கஷ்டமான முடிவும் அவனுக்கு லாபம். அந்த மாதிரி முடிவுகளே வராமல் எப்படி ஆடுவது என்பதுதான் இங்கே நான் சொல்லப்போவது.

முதலில் ஒன்று. இது காசு வைத்து ஆடுகிற ஆட்டம் இல்லை. செயலி சும்மா கொடுக்கிற சிப்ஸ்தான், ஆளுக்கு 1500. முதல் இடத்துக்கு 50 புள்ளி, இரண்டாவதற்கு 30, மூன்றாவதற்கு 20, அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது, போக்கர், ரம்மி எல்லாம் அதில் அடக்கம், திறமை ஆட்டம் என்று வாதாடினாலும் விலக்கு இல்லை. யாராவது லிங்க் அனுப்பி ‘நூறு ரூபாய் போடுங்க, ஆயிரமா எடுங்க’ என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நம் ஊரில் எத்தனை வீடுகள் இதில் கவிழ்ந்தன என்று உங்களுக்கே தெரியும்.

எந்தக் கை எந்தக் கையை அடிக்கும், பிளைண்ட் என்றால் என்ன, ஃபிளாப், டர்ன், ரிவர் எது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாவிட்டால் இரண்டு நாள் சும்மா ஆடிவிட்டு வாருங்கள், இது எங்கேயும் ஓடிப்போகாது.

முதல் வேலை: யார் கெட்டிக்காரன் என்று கண்டுபிடிப்பது

முதல் இருபது கை உங்களுக்கு ஏஸ் ஜோடி மாதிரி ஏதாவது வந்தால் தவிர ஒன்றும் செய்ய வேண்டாம், பாருங்கள். பிளைண்ட் 10-20 இருக்கும்போது இருபது கை உட்கார்ந்திருக்க ஆகிற செலவு அறுபது, எழுபது சிப்ஸ். 1500இல் அது ஒன்றுமே இல்லை.

சத்தமாக ஆடுகிறவன் கெட்டிக்காரன் இல்லை. மூன்று கைக்கு ஒருதரம் ஆல்-இன், அதாவது கையிலிருக்கிற மொத்தத்தையும், போட்டு ‘வா பாக்கலாம்’ என்று சாட்டில் எழுதுகிற ஆள் பயமுறுத்துவானே தவிர, நல்ல கைக்காகக் காத்திருந்தால் அவன் சிப்ஸ் தானாக உங்களிடம் வரும். உண்மையான கெட்டிக்காரனுக்கு அடையாளம் வேறு. சும்மா பிளைண்டுக்குச் சமமாகப் போட்டு உள்ளே நுழையமாட்டான், நுழைந்தால் ரெய்ஸ், அதாவது தொகையை ஏற்றுவான், இல்லாவிட்டால் ஃபோல்டு, கையைக் கீழே வைத்துவிடுவான். அந்த ரெய்ஸ் கை நல்லதோ கெட்டதோ ஒரே அளவாக இருக்கும், இரண்டு அல்லது இரண்டரை பிளைண்ட். முன்னால் பேசவேண்டிய இடத்தில் கொஞ்சம் கைகள், பட்டனில், அதாவது ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசுகிற இடத்தில், நிறையக் கைகள் ஆடுவான். முக்கியமாக, பாதி வழி வரை சிப்ஸ் போட்டுவிட்டுப் பிறகு ஒன்றும் பேசாமல் கையைக் கீழே வைப்பான். போட்டதை மீட்க வேண்டும் என்று மேலும் போடுகிற வியாதி அவனுக்குக் கிடையாது.

குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகரின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா? ஆன்லைனில் முகமே இல்லை, ஆனாலும் துண்டுக்கு வெளியே சில விஷயங்கள் தெரிந்துவிடும்: எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான், எந்த இடத்திலிருந்து எவ்வளவு போட்டான், கடைசியில் சீட்டைக் காட்டும்போது என்ன வைத்திருந்தான். பெரும்பாலான செயலிகளில் ஆள் பெயரைத் தட்டினால் குறிப்பு எழுத இடம் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பேப்பர் போதும். ‘பர்கூர் அண்ணன்: இரண்டாவது ஜோடியோடு ரிவர் வரை வருவார்’ என்று ஒரு வரி எழுதி வைத்தேன். அந்த ஒரு வரி எனக்கு இதுவரை கொடுத்த சிப்ஸ் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஏனென்றால் போட்டி ஒன்பது பேருடையது, கெட்டிக்காரன் ஒருத்தனோ இரண்டு பேரோதான். உங்கள் சிப்ஸ் வரவேண்டியது மற்ற ஆறேழு பேரிடமிருந்து.

அவன் உங்களுக்கு எந்தப் பக்கம்?

ஆன்லைனில் இருக்கையைச் செயலிதான் கொடுக்கும், மாற்ற முடியாது. ஆனால் அவன் உங்கள் வலது பக்கமா இடது பக்கமா என்பதைப் பொறுத்து ஆட்டமே மாறிவிடும். வலது பக்கம் என்றால் பெரும்பாலும் அவன் உங்களுக்கு முன்னால் பேசுகிறான், அவன் என்ன செய்தான் என்று பார்த்துவிட்டு நீங்கள் பேசலாம், கவலை இல்லை. இடது பக்கம் என்றால் சங்கடம், ஏனென்றால் நீங்கள் ரெய்ஸ் போடும்வரை அவன் சும்மா உங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், போட்டதும் மேலே ஒரு ரெய்ஸ் வைப்பான். மற்ற நாளில் பட்டனில் பத்துக்கு நான்கு கைகளை ரெய்ஸ் போடுகிறேன் என்றால், இடதுபக்கப் பிளைண்டுகளில் அவன் இருக்கும் நாளில் மூன்றாகக் குறைத்துக்கொள்கிறேன். குறைத்தது எல்லாம் ‘சும்மா திருடலாம்’ என்று போடுகிற குப்பைக் கைகள்.

அவனே ரெய்ஸ் போட்டு வந்தால், அதுவும் முன்னால் பேசுகிற இடத்திலிருந்து போட்டால், பார்க்க அழகாக இருக்கிற கைகளைத்தான் முதலில் தூக்கி எறியவேண்டும். ஏஸ்-ஜாக், கிங்-குயின், ஏஸ்-10. புதியவர்களுக்கு இது ஒப்பவே ஒப்பாது, ஏஸ் கையில் இருக்கும்போது எப்படிக் கீழே வைப்பது என்பார்கள். ஆனால் அவனிடமும் ஏஸ் இருந்து பக்கத்துச் சீட்டு உங்களைவிடப் பெரியதாக இருந்தால், உதாரணத்துக்கு உங்களிடம் ஏஸ்-குயின், அவனிடம் ஏஸ்-கிங், நான்கில் ஒரு தடவைதான் நீங்கள் தப்பிப்பீர்கள். ஃபிளாப்பில் ஏஸ் விழுந்தால் நல்லது நடந்த மாதிரித் தெரியும், உண்மையில் அங்கேதான் மொத்த சிப்ஸும் போகும்.

ரம்மி ஆடினவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 101 ஆட்டத்தில் முதல் சீட்டு எடுக்கும் முன்பே ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட், ஆடிப் பார்த்துவிட்டு நடுவில் விட்டால் 40. கை சரியில்லை என்று முதலிலேயே கீழே வைப்பவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. போக்கரில் முதல் ஸ்கூட்டுக்குப் பெரும்பாலும் அபராதமே கிடையாது.

சிப்ஸை எண்ணாதீர்கள், பிளைண்டை எண்ணுங்கள்

உங்களிடம் 1500 இருக்கிறது என்பது ஒரு தகவலே இல்லை. பிளைண்ட் 10-20 என்றால் அது 75 பெரிய பிளைண்ட், நிதானமாக ஆடலாம். அதே 1500, பிளைண்ட் 50-100 ஆனபோது 15தான். சின்னப் போட்டிகளில் எட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பிளைண்ட் ஏறுவதால் ஒரு கையும் தோற்காமலேயே நீங்கள் ஏழையாகிக்கொண்டிருப்பீர்கள். கையிருப்பைப் பெரிய பிளைண்டால் வகுத்துச் சொல்லிப் பழகுங்கள், ஒவ்வொரு தடவை பிளைண்ட் ஏறும்போதும்.

நாற்பதுக்கு மேல் இருக்கும்வரை சின்ன ஜோடிகளோடு ஃபிளாப் பார்க்க ஆசை வரும். 5-5 வைத்துக்கொண்டு மூன்றாவது 5 விழுமா என்று பார்ப்பது, விழுந்தால் அதற்குப் பெயர் செட். ஃபிளாப்பில் அது விழுவது கிட்டத்தட்ட எட்டரை தடவைக்கு ஒருதரம். அதனால்தான் அவன் போட்ட ரெய்ஸைப் போல குறைந்தது 15 மடங்காவது இரண்டு பேரிடமும் மிச்சம் இருந்தால் மட்டும் கால் போடு, அதாவது அவன் போட்டதற்குச் சமமாகப் போட்டு உள்ளே வா என்பார்கள், ரெய்ஸ் 60 என்றால் 900. இது சாதாரண ஆளுக்கு எதிரான கணக்கு. கெட்டிக்காரன் உங்கள் செட்டுக்கு மொத்தத்தையும் கொண்டுவந்து கொட்டமாட்டான், பாதியிலேயே நின்றுவிடுவான், ஆகவே அவனுக்கு எதிராக நான் 20 மடங்கு இல்லாமல் இதைச் செய்வதில்லை.

பதினைந்திலிருந்து இருபத்தைந்து வரை இருப்பது அவஸ்தையான இடம். இங்கே கால் போடுவதைக் கிட்டத்தட்ட மறந்துவிடுங்கள். அவன் பட்டனிலிருந்து ரெய்ஸ் போட்டால், அவன் அங்கே நிறையக் கைகளோடு வருகிறவன் என்று குறித்து வைத்திருந்தால், 8-8, ஏஸ்-குயின் மாதிரிக் கைகளோடு நேராக ஆல்-இன். அல்லது ஃபோல்டு. நடுவில் ஒன்றும் இல்லை.

பத்துக்குக் கீழே போனதும், சொன்னால் நம்பமாட்டீர்கள், கெட்டிக்காரனுக்கு எதிராக நமக்கு நல்ல காலம் ஆரம்பிக்கிறது. அவனுடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் ஃபிளாப்புக்குப் பிறகுதான். ஃபிளாப்புக்கு முன்பே மொத்தத்தையும் தள்ளிவிட்டால் அவனுக்கு இரண்டே பதில்கள், வருகிறான் அல்லது போகிறான், அதற்கு மேல் திறமையைக் காட்ட இடமில்லை. பிளைண்ட் 100-200, உங்களிடம் 2000. நடுவில் கிடக்கிற பிளைண்டுகள் 300. யாரும் வராமல் அதை எடுத்தாலே உங்கள் கையிருப்பு 15 சதவீதம் ஏறிவிடும், ஒரு சீட்டும் திறக்காமல். பட்டனில், முன்னால் எல்லோரும் ஃபோல்டு செய்து உங்களிடம் வந்தால் எந்த ஜோடியானாலும், எந்த ஏஸானாலும், கிங்-9க்கு மேலே, குயின்-10, ஜாக்-10 எல்லாம் தள்ளலாம். முன்னால் பேசுகிற இடம் என்றால் பின்னால் ஏழெட்டுப் பேர் பாக்கி, அங்கே 7-7க்கு மேல் ஜோடி, ஏஸ்-ஜாக் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே தப்பு, தைரியம் வராமல் நான்கு பிளைண்ட் ஆகும்வரை காத்திருப்பது. நான்கு பிளைண்டோடு தள்ளினால் யாரும் பயப்படமாட்டார்கள், எல்லோரும் வந்து பார்ப்பார்கள்.

ஒரு கை, கிட்டத்தில்

எப்படிக் கெடுத்தேன் என்பதை அப்படியே சொல்கிறேன். பிளைண்ட் 50-100. நான் பட்டனில், என்னிடம் 2400. கையில் ஆர்ட்டின் ஏஸ், கிளாவர் ஜாக். 250 ரெய்ஸ். சின்ன பிளைண்டில் இருந்தவர் ஃபோல்டு செய்துவிட்டார், பெரிய பிளைண்டில் இருந்த மாப்ள கால் போட்டான், அவனிடம் என்னைவிட அதிகம் இருந்தது. நடுவில், அதாவது பாட்டில், 550.

ஃபிளாப்: இஸ்பேடு ஜாக், இஸ்பேடு 8, டைமண்ட் 4. என்னுடையது மேல் ஜோடி, பக்கத்தில் ஏஸ். அவன் செக், ஒன்றும் போடவில்லை. நான் 275 போட்டேன், அவன் கால். பாட் 1100. இதுவரை தப்பில்லை.

டர்னில் இஸ்பேடு 7. மூன்றாவது இஸ்பேடு. அவன் மறுபடி செக். எனக்கு அந்த இஸ்பேடு கண்ணிலேயே படவில்லை என்று சொன்னால் பொய், பட்டது, ஆனால் ‘பயந்தமாதிரித் தெரியக்கூடாது’ என்று 600 போட்டேன். உடனே அவன் ஆல்-இன். என்னிடம் மிச்சம் 1275. இவ்வளவு போட்டாச்சே, இனிமேல் எப்படி விடுவது, அவன் ஏமாற்றுகிறானோ என்னவோ, செயலியில் கடைசி ஐந்து நொடி சிவப்பாக ஓடுகிறது, கால். இஸ்பேடு கிங், இஸ்பேடு 9. ஃபிளஷ். ரிவரில் எந்தச் சீட்டு விழுந்தாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை, கூட்டிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. ஏழாவது இடம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னான், “மாமா, நீங்க டர்ன்ல செக் பண்ணியிருந்தா நான் ரிவர்ல நானூறு, ஐந்நூறு போட்டு அதோட விட்டிருப்பேன். நீங்களே கதவைத் திறந்து வெச்சீங்க.”

அதுதான் விஷயம். ஒரு ஜோடி என்பது நடுத்தரக் கை, நடுத்தரக் கைக்கு நடுத்தரப் பாட் போதும். கெட்டிக்காரன் கால் போட்டு வந்து, பயமான சீட்டு ஒன்று விழுந்ததும் செக் செய்தால், நாமும் செக் செய்துவிட்டு ரிவரில் சின்னத் தொகை கேட்டால் கொடுத்துப் பார்க்கலாம், பெரிய தொகை கேட்டால் விட்டுவிடலாம். செக் செய்த பிறகு அவன் மேலே ஏற்றினால், சின்னப் போட்டிகளில், அது ஏமாற்று என்று நம்புவதற்கு முன்னால் இரண்டு தடவை யோசியுங்கள். ஏமாற்றாகவும் இருக்கலாம். இருக்கட்டும், ஒன்றிரண்டு கை ஏமாந்தால் குடி முழுகாது.

ஏமாற்றுக்கும் வரப்போகிற சீட்டுக்கும் ஒரு சின்னக் கணக்கு

பாட்டில் பாதி போட்டு ஏமாற்றினால், மூன்றில் ஒரு தடவை அவன் ஃபோல்டு செய்தாலே உங்களுக்கு நஷ்டமில்லை. முழுப் பாட் போட்டால் இரண்டில் ஒரு தடவை அவன் ஃபோல்டு செய்யவேண்டும். பர்கூர் அண்ணன் மாதிரி எதற்கும் ஃபோல்டு செய்யாத ஆளிடம் இந்தக் கணக்கே கிடையாது, அவரை ஏமாற்ற முயற்சி செய்யாதீர்கள், நல்ல கை வரும்போது கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள், கொடுப்பார். கெட்டிக்காரன் ஃபோல்டு செய்யத் தெரிந்தவன், ஆகவே வேடிக்கை, அவனைத்தான் ஏமாற்ற முடியும். ஆனால் வெறுங்கையோடு வேண்டாம், மாட்டிக்கொண்டாலும் தப்பிக்க வழி இருக்கிற கையோடு, அதாவது நான்கு ஆர்ட்டின் சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருக்கிற மாதிரி.

நான்கு சேர்ந்துவிட்டால் ஃபிளாப்பிலிருந்து ரிவருக்குள் ஐந்தாவது வருவது 35 சதவீதம். ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி என்றால் 20 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது டர்னில் பாட் 300, அவன் 150 போட்டான் என்றால், நீங்கள் 150 கொடுத்து மொத்தம் 600க்கு ஆடுகிறீர்கள், நான்கில் ஒரு தடவை, அதாவது 25 சதவீதம் ஜெயிக்கவேண்டும். இருப்பதோ இருபதுக்குக் கீழே. வந்தபிறகு இன்னும் வாங்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கால் போடுவது சாதாரண ஆளிடம் சரி. கெட்டிக்காரன் மூன்றாவது ஆர்ட்டின் விழுந்ததும் கையைச் சுருக்கிக்கொள்வான். நம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், தை மாதம் மரம் முழுக்கப் பூ நிற்கும், அதை வைத்து யாரும் கூடை வாங்கிவரமாட்டார்கள்.

நான்கு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் புள்ளி

இங்கேதான் கெட்டிக்காரன் நிஜமாகச் சம்பாதிக்கிறான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான்கு பேரிடமும் சமமாகச் சிப்ஸ். பரிசு 50, 30, 20, மொத்தம் 100 புள்ளி. ஆகவே ஒவ்வொருவருடைய கையிருப்பின் மதிப்பு 25 புள்ளி. இப்போது ஒருத்தர் ஆல்-இன் போடுகிறார், நீங்கள் கால் போட்டு ஜெயித்தால் சிப்ஸ் இரண்டு மடங்கு. மதிப்பும் 50 ஆகிவிடுமா? ஆகாது. முதல் இடம் வர வாய்ப்பு பாதி, இரண்டாவது மூன்றில் ஒன்று, மூன்றாவது ஆறில் ஒன்று, கூட்டினால் 25 + 10 + 3.3, சுமார் 38 புள்ளி. தோற்றால் பூஜ்யம். 25ஐப் பணயம் வைத்து 38 ஆக்கப் பார்க்கிறீர்கள். பிளைண்டை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 65 தடவை ஜெயிக்கவேண்டும்.

அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஏஸ்-கிங் கையில் இருந்து, எதிராளி சீட்டைப் பார்க்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாலும் உங்கள் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய அந்த 65தான். கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிறவன் எத்தனை பேர்? ஆகவே இந்த இடத்தில் கால் போடுவது என்பது பெரிய ஜோடிகளுக்கு மட்டும். கெட்டிக்காரனுக்கு இந்தக் கணக்குத் தெரியும், நீங்கள் கால் போட முடியாது என்பதும் தெரியும், அதனால் ஒவ்வொரு கைக்கும் அழுத்துவான். பதில் என்னவென்றால், அவனுக்கு முன்னால் நீங்கள் தள்ளுவது. இந்தக் கணக்கு அவனையும் கட்டிப்போடும், முதலில் தள்ளியவன் பக்கம்தான் அது சாய்கிறது. அவனைவிட அதிகச் சிப்ஸ் உங்களிடம் இருந்தால் இன்னும் நல்லது.

வேறு யாராவது இரண்டு, மூன்று பிளைண்டோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் போகும்வரை அவசரப்படாதீர்கள், குயின் ஜோடியைக்கூட நான் ஒருதரம் ஃபோல்டு செய்திருக்கிறேன். ஆனால் ‘அவரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து அனுப்பிடலாம்’ என்று தனியாகச் செய்தி அனுப்பிக்கொள்வது கள்ளாட்டம். சொந்தக்காரர்கள் ஆடுகிற மேசையில் இந்த ஆசை நிச்சயம் வரும், வேண்டாம்.

இரண்டே பேர் ஆனதும்

மேலே சொன்ன பயமெல்லாம் போய்விட்டது. 30 புள்ளி கையில், மிச்சம் 20க்குத்தான் சண்டை, இங்கே சிப்ஸ் என்றால் சிப்ஸ்தான். பட்டனில் இருப்பவர்தான் சின்ன பிளைண்ட் போடுவார், ஃபிளாப்புக்கு முன் முதலில் பேசுவார், பிறகு கடைசியாகப் பேசுவார். பட்டனில் இருக்கும்போது பெரும்பாலான கைகளை ஆடுங்கள். எதிரே இருப்பவன் கெட்டிக்காரனாகவும் பிளைண்ட் பத்து, பன்னிரண்டுமாக இருந்தால் மறுபடியும் தள்ளு அல்லது ஃபோல்டு, அவனை ஃபிளாப் பக்கமே விடாதீர்கள்.

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும்

போனில் சார்ஜ் ஏற்றிவிட்டு உட்காருங்கள். லைன் போனால் செயலி உங்களுக்குப் பதிலாக ஃபோல்டு செய்துகொண்டே போகும், பிளைண்ட் மட்டும் போய்க்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் வைஃபையை நம்பாமல் மொபைல் டேட்டாவையும் தயாராக வைத்துக்கொள்கிறேன். சுலபமான முடிவுக்கும் கஷ்டமான முடிவுக்கும் ஒரே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், நான்கு, ஐந்து நொடி.

மறுநாள் மூன்றே மூன்று கைகளைத் திரும்பப் பாருங்கள், செயலியில் பழைய கைகள் பதிவாகியிருக்கும். தோற்ற கைகளைப் பார்க்காதீர்கள், தடுமாறிய கைகளைப் பாருங்கள். ஏஸ் ஜோடி கிங் ஜோடியிடம் ஐந்தரைக்கு ஒருதரம் தோற்கத்தான் செய்யும், அதில் படிக்க ஒன்றுமில்லை. டர்னில் எதற்காக 600 போட்டேன் என்பதில் இருக்கிறது.

போன வாரம் நான் மூன்றாவது, மாப்ள இரண்டாவது, பர்கூர் அண்ணன் முதல், இரண்டாவது ஜோடியோடு ரிவர் வரை வந்தே ஜெயித்துவிட்டார். பிறகு மாப்ள தன் போனைக் காட்டினான், என் பெயருக்குக் கீழே அவன் எழுதி வைத்திருக்கிற குறிப்பு: ‘மாமா இப்பல்லாம் டர்ன்ல செக் பண்றாரு. செக் பண்ணா ஒரு ஜோடிதான்.’ ஆகவே இந்தச் சனிக்கிழமை செட் விழுந்தாலும் டர்னில் செக் செய்துவிட்டு, அவன் ரிவரில் போடுகிறானா என்று பார்க்கப்போகிறேன்.